ஏழாம் இயல்: தாமதமும் சுமையும் – கன்னியாகுமரி முதல் திப்ருகர் வரை

ரயில் தாமதமாவதும் சாமான் மிகுந்திருப்பதும் தனித்தனியே வந்தால் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் நெடும்பயணம் துன்பமாக மாறுகிறது. கைப்பை ஒன்றோடு செல்பவர் ஐந்து மணி நேரத் தாமதத்தை நிலையத்திற்கு வெளியே ஓர் உணவகத்திலோ கோயிலிலோ கழித்துவிட்டு வரலாம். நான்கு பெட்டிகளும் ஒரு சாக்கு மூட்டையும் உடையவரோ அந்த ஐந்து மணி நேரமும் அவற்றுக்குக் காவலிருக்க வேண்டியவராகிறார், நடைமேடை மாற்றி அறிவிக்கப்பட்டால் அத்தனையையும் தூக்கிக்கொண்டு மேம்பாலம் ஏறவும் வேண்டியவராகிறார். ஆகவே இவ்வியல் இரண்டையும் ஒரே பொருளாகக் கொண்டு ஆராய்கிறது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது கன்னியாகுமரிக்கும் அசாம் மாநிலத்தின் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ். சுவாமி விவேகானந்தரின் 150ஆம் பிறந்த ஆண்டை முன்னிட்டு 2011-12 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2011 நவம்பரில் ஓடத் தொடங்கிய இவ்வண்டி 4,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ 75 மணி நேரத்தில் கடக்கிறது. இந்தியாவில் இதைவிட நெடுந்தொலைவு ஓடும் பயணிகள் ரயில் வேறில்லை. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் கேரளக் கட்டுமானப் பணிகளிலும் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் அசாம், வங்கத் தொழிலாளர்கள், வடகிழக்கில் பணியமர்த்தப்பட்ட படைவீரர்களின் குடும்பங்கள், குவாஹாட்டியில் படிக்கும் மாணவர்கள், காமாக்யா கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் என, கனத்த சுமையோடு நெடுந்தொலைவு செல்வோர் பலரையும் இதில் காணலாம்.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. தமிழில் ‘பெட்டி’ என்னும் சொல் பயணி சுமக்கும் பெட்டியையும் அவர் ஏறும் ரயில்பெட்டியையும் ஒருங்கே குறிப்பதால், இவ்வியலில் அது முன்னதற்கு மட்டுமே வழங்கப்படுகிறது. பின்னது, பயணிகள் பேச்சில் உள்ளபடியே, ‘கோச்’ எனப்படுகிறது.

சுமையை எண்ணும் முறை

பயணிகள் பெரும்பாலோர் தம் சுமையைக் கிலோவில் மட்டும் நினைத்துப் பார்க்கின்றனர். நெடும்பயணத்தில் அதைவிடப் பயனுள்ள அளவு, ஒரு பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்கும் செயல் மொத்தத்தில் எத்தனை முறை நிகழும் என்னும் எண்ணிக்கையே. வீட்டு வாசலிலிருந்து ஆட்டோவுக்கு, ஆட்டோவிலிருந்து நிலைய முகப்புக்கு, அங்கே சோதனை எந்திரம் இருந்தால் அதன் மீது, பிறகு மேம்பாலப் படிகளில், நடைமேடையில், கோச்சின் வாசற்படியில், இறுதியாகப் படுக்கையின் அடியில் என்று கணக்கிட்டால், எல்லாம் நேரப்படி நடக்கும் பயணத்திலேயே புறப்படும் இடத்தில் ஏழு முறையும் சேருமிடத்தில் ஏறக்குறைய அதே அளவும் ஒவ்வொரு பெட்டியும் தூக்கி வைக்கப்படுகிறது. தாமதம் இந்த எண்ணிக்கையைத்தான் பெருக்குகிறது: நடைமேடை மாற்றம் இரண்டைக் கூட்டுகிறது, காத்திருப்பு அறைக்குப் போய்வருவது நான்கைக் கூட்டுகிறது, இணைப்பு ரயில் தவறினால் பயணம் முதலிலிருந்து தொடங்குவது போலாகிறது. வீட்டுக்கூடத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்து ‘முடியும்’ என்று முடிவு செய்யப்படும் பெட்டி, இருபதாவது முறை தூக்கப்படும்போது அதே பெட்டியாக இருப்பதில்லை.

இக்கணக்கிலிருந்து பயணத் திட்டத்தைப் பற்றிய ஒரு முடிவும் கிடைக்கிறது. சென்னையிலிருந்து அசாம் செல்லும் ஒருவர் ஒரு விரைவு ரயிலில் ஹவுரா சென்று, அங்கிருந்து வேறு ரயிலைப் பிடிப்பது அட்டவணையில் விரைவாகத் தோன்றலாம். ஆனால் அந்த இரண்டாம் ரயில் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து புறப்படுவதாக இருந்தால், ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர நெரிசலில் எல்லாச் சாமான்களோடும் கடக்க வேண்டியிருக்கும். விவேக் எக்ஸ்பிரஸோ சென்னையைத் தொடாமல் காட்பாடி, ரேணிகுண்டா வழியாகவும், ஹவுராவைத் தொடாமல் டான்குனி வழியாகவும் செல்கிறது. சுமை மிகுந்தவர் காட்பாடிக்கோ வேறு வசதியான நிலையத்திற்கோ சென்று நேரடி வண்டியில் ஏறுவதே நன்று. எட்டு மணி நேரம் தாமதமாக ஓடும் நேரடி வண்டி, நேரப்படி ஓடும் இரண்டு வண்டிகளைவிடச் சுமையுள்ளவருக்கு உகந்தது என்பது இந்நூலின் உறுதியான கருத்து. ஏனெனில் ஓடும் வண்டியில் படுக்கையின் அடியில் கிடக்கும் பெட்டியை யாரும் தூக்க வேண்டியதில்லை.

ரயில்வேயின் எடை விதிகள்

இந்திய ரயில்வே ஒவ்வொரு வகுப்புக்கும் கட்டணமின்றி எடுத்துச்செல்லத்தக்க எடையை வரையறுத்துள்ளது. இது இலவச அளவு எனப்படும். குளிர்சாதன முதல் வகுப்பில் 70 கிலோ, குளிர்சாதன ஈரடுக்கில் 50 கிலோ, குளிர்சாதன மூவடுக்கிலும் சாதாரணப் படுக்கை வகுப்பிலும் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ என்பது கணக்கு. 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத, பயணச்சீட்டுப் பெற்ற குழந்தைக்கு இதில் பாதி. இலவச அளவுக்கு மேற்பட்ட சுமையை முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தினால் உடன் கொண்டுசெல்லலாம் எனினும், அதற்கும் உச்சவரம்பு உண்டு: படுக்கை வகுப்பில் இலவச அளவையும் சேர்த்து 80 கிலோ, ஈரடுக்கில் 100 கிலோ. மூவடுக்குக் குளிர்சாதன வகுப்பிலோ 40 கிலோவே உச்சவரம்பு. பணம் செலுத்தினாலும் அதற்கு மேல் கோச்சுக்குள் இடமில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. குடும்பத்தோடு வீடு மாறிச் செல்வோர் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட மிகைச் சுமைக்குச் சாதாரண லக்கேஜ் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்கப்படுகிறது. பதிவு செய்யாமல் வழியிலோ சேருமிடத்திலோ பிடிபட்டால், இலவச அளவைச் சிறிதே மீறியிருந்தால் அதே ஒன்றரை மடங்கும், பெரிதும் மீறியிருந்தால் ஆறு மடங்கும் வாங்க விதி இடந்தருகிறது. அளவிலும் வரம்பு உண்டு: பொதுவாகப் பெட்டி ஒன்று 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்திற்கு மேற்படலாகாது, குளிர்சாதன மூவடுக்கில் 55, 45, 22.5 சென்டிமீட்டர் என்பது வரம்பு. இந்த விதியை எல்லா இடங்களிலும் ஒரே கண்டிப்போடு அளந்து பார்ப்பதில்லை என்றாலும், அதன் அடிப்படை எளிமையானது: கீழ்ப்படுக்கையின் அடியில் நுழையாத பெட்டி நடைபாதையில்தான் நிற்கும், நடைபாதையில் நிற்கும் பெட்டி மூன்று இரவுகளும் பிறர் காலில் இடறும். கோச்சின் வெவ்வேறு வடிவமைப்புகளில் அடியிடத்தின் உயரம் சற்று மாறுபடுவதால், உயரம் குறைந்த இரண்டு பெட்டிகள் உயரமான ஒன்றைவிட எப்போதும் மேலானவை.

எடுத்துச்செல்லவே கூடாதவையும் உள்ளன. எரிவாயு உருளை, மண்ணெண்ணெய், பெட்ரோல், பட்டாசு, அமிலம் போன்ற தீப்பற்றும் அல்லது ஊறு செய்யும் பொருள்களை ரயிலில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வீடு மாறிச் செல்லும் குடும்பங்கள் சமையல் எரிவாயு உருளையை உள்ளூர் முகவரிடம் ஒப்படைத்து, இணைப்பை மாற்றிக்கொள்வதற்கான சான்றைப் பெற்றுச் செல்வதே முறை.

கோச்சில் அடங்காத சுமைக்கு ‘பிரேக் வேன்’ உண்டு. வண்டியின் முன்பின் முனைகளில் கார்டின் அறையை ஒட்டியமைந்த சரக்கு அறைக்கு அப்பெயர். இதில் சுமையை அனுப்பும்போது ‘லக்கேஜ்’, ‘பார்சல்’ என்னும் இரண்டு சொற்களின் வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது. லக்கேஜ் என்பது பயணச்சீட்டைக் காட்டி, பயணி செல்லும் வண்டியிலேயே செல்லுமாறு பதிவு செய்யப்படுவது. பார்சலுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை, அது இடமிருக்கும் வேறொரு வண்டியிலும் செல்லலாம். லக்கேஜைப் புறப்படும் நேரத்திற்கு அரை மணிக்கு முன்பாவது அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது. பழைய பயணங்களின் ஒட்டுச்சீட்டுகளைக் கிழித்தெறிந்துவிட்டு, பெயரும் சேருமிடமும் பெட்டியின் வெளியிலும் உள்ளே மேலாக வைத்த ஒரு தாளிலும் எழுதப்பட வேண்டும். திப்ருகர் செல்லும் சுமைமீது தமிழில் மட்டும் எழுதினால் அங்கே எவராலும் படிக்க இயலாது என்பதால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுவது தேவை. சில நிமிடங்களே வண்டி நிற்கும் நிலையங்களில் பிரேக் வேனைத் திறந்து ஏற்றியிறக்குவது இயலாதாகையால், ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் லக்கேஜ் கையாளப்படுகிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

தாமதத்தின் வகைகள்

தாமதம் என்று ஒரே சொல்லால் வழங்கப்படுவன தம்முள் வேறுபட்டவை. ஒவ்வொன்றுக்கும் சுமையுள்ளவர் செய்ய வேண்டியதும் வேறு. புறப்படும் நிலையத்திலேயே நேரம் தள்ளி அறிவிக்கப்படுவது முதல் வகை. எதிர்த்திசையில் வந்த கோச்சுகளின் தொடரே தூய்மையும் பராமரிப்பும் செய்யப்பட்டு மீண்டும் புறப்படுவதால், வரும் வண்டி பத்து மணி நேரம் பிந்தினால் செல்லும் வண்டியும் பிந்துகிறது. எனவே புறப்படும் நிலையத்தில் ஏறுபவர் தம் வண்டியை மட்டுமன்றி, எதிரிலிருந்து வரும் அதன் இணை வண்டி எங்கே உள்ளது என்பதையும் முந்தின நாளே பார்த்துவிட்டால், வீட்டிலிருந்து சுமையை எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிக்க இயலும். தாமதத்தை நடைமேடையில் கழிப்பதற்கும் வீட்டில் கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு செயலில் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் வகை, ஓடும்போது சேரும் தாமதம். இதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் வீண் எதிர்பார்ப்பு குறையும். ஒவ்வொரு வண்டிக்கும் தண்டவாளத்தில் ஒரு நேர இடைவெளி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தவறவிட்ட வண்டி, தத்தம் நேரத்தில் ஓடும் பிற வண்டிகளுக்கு வழிவிட்டு, கிடைக்கும் இடைவெளிகளில் புகுந்து செல்ல வேண்டியதாகிறது. ஆகவே ஒரு மணி நேரம் பிந்தியது இரண்டாகவும் மூன்றாகவும் வளர்வது இயல்பு. மறுபுறம், கால அட்டவணையில் இறுதி நிலையத்திற்கு முன்னும் சில பெரிய நிலையங்களுக்கு முன்னும் ஈடுசெய்யும் நேரம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், இரண்டு மணி நேரம் பிந்தி ஓடிய வண்டி கடைசிக் கட்டத்தில் திடீரென அரை மணி நேரத் தாமதமாகக் குறைவதும் உண்டு. இறங்குவதற்கு ஆயத்தமாகாமல் ‘எப்படியும் தாமதம்தானே’ என்று படுத்திருப்பவர் சாமான்களோடு தடுமாறுவது இங்கேதான்.

பருவமும் இடமும் தாமதத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்து மழையும் அசாமின் வெள்ளமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆந்திர, ஒடிசாக் கடற்கரைகளைத் தாக்கும் புயல்களும், டிசம்பர், ஜனவரியில் வடவங்கம் முதல் அசாம் வரை படரும் மூடுபனியும் இவ்வழித்தடத்தைப் பாதிக்கின்றன. அசாமில் லம்டிங்கை ஒட்டிய காட்டுப்பகுதிகளில் யானைகளின் வழித்தடங்களைக் கடக்கும்போது வேகம் குறைக்கப்படுகிறது. இத்தாமதத்தை எந்தப் பயணியும் மனமுவந்து ஏற்க வேண்டும்.

மூன்றாம் வகையே சுமையுள்ளவருக்குக் கடினமானது: வண்டி வேறு வழியில் திருப்பிவிடப்படுவதும், இடைநிலையத்திலேயே நிறுத்தப்படுவதும். வெள்ளத்தால் பாதை அரிக்கப்படும்போது, திப்ருகர் செல்ல வேண்டிய வண்டி இடையிலேயே நிறுத்தப்பட்டால், மீதித் தொலைவைச் சாலை வழியே கடக்க வேண்டியிருக்கும். அத்தருணத்தில் ஒரு குடும்பம் தன் சுமை முழுவதையும் போர்ட்டர் இல்லாமல் ஒரே நடையில் தூக்க இயலுமா என்பதே, வீட்டில் பெட்டி கட்டும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இயலாதெனில் ஒரு பெட்டி குறைய வேண்டும், அல்லது அது பார்சலாக முன்னரே செல்ல வேண்டும்.

வண்டியின் இருப்பிடத்தை அறிய தேசிய ரயில் விசாரணை அமைப்பின் இணையதளமும் செயலியும், 139 என்னும் தொலைபேசி எண்ணும் உதவுகின்றன. இதில் நேரும் பெரும்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். 75 மணி நேரம் ஓடும் வண்டியொன்று அடுத்தடுத்த நாள்களில் புறப்படும்போது, ஒரே எண்ணுடைய இரண்டு மூன்று வண்டிகள் ஒரே வேளையில் பாதையின் வெவ்வேறு பகுதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பயணி தாம் ஏறும் நாளை உள்ளிடாமல், தம் வண்டி தொடக்க நிலையத்தில் புறப்பட்ட நாளைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியான விவரம் கிடைக்கும். நள்ளிரவு கடந்து வரும் நிலையத்தில் ஏறுபவர் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும்: 14ஆம் தேதி 00.20 என்று அச்சிடப்பட்ட சீட்டுக்கு 13ஆம் தேதி இரவே நிலையம் சேர வேண்டும்.

நேரத்தின்படி அடுக்குதல்

பெட்டிகளை ஆடை, சமையற்பொருள், புத்தகம் என வகைவாரியாக அடுக்குவதே வீடுகளில் வழக்கம். தாமதத்தை எதிர்பார்க்கும் பயணத்திற்கு அவ்வழக்கம் பொருந்தாது. பொருள் தேவைப்படும் நேரத்தைக் கொண்டு அடுக்குவதே தகும். பயணம் முடியும்வரை திறக்கவே தேவையில்லாதவை பெரிய பெட்டிகளுக்குள் சென்று, படுக்கையின் அடியில் பின்புறமாகத் தள்ளப்பட்டு, அங்குள்ள இரும்பு வளையத்தில் சங்கிலிப் பூட்டால் பிணைக்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு முறை தேவைப்படுபவை, அதாவது மாற்றுடை, துண்டு, போர்வை, அடுத்த நாளுக்கான உணவு முதலியவை, ஒரு நடுத்தரப் பையில் முன்புறமாக இருக்க வேண்டும். எந்நேரமும் தேவைப்படுபவை தோளிலிருந்து இறங்காத ஒரு சிறு பையில் அமைய வேண்டும்: பயணச்சீட்டு, அடையாள அட்டை, பணம், மருந்து, கைபேசி, அதற்கான மின்சேமிப்புக் கருவி, ஒரு பாட்டில் தண்ணீர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்க நேர்ந்தாலும் இந்தச் சிறு பை ஒன்றைக் கொண்டு இரண்டு நாள் கழிக்க முடியுமானால் அது சரியாக அடுக்கப்பட்டிருக்கிறது எனக் கொள்ளலாம். மருந்தைப் பொறுத்தவரை, பயண நாள்களோடு மேலும் மூன்று நாள்களுக்கானது இருக்க வேண்டும். அதைப் பெரிய பெட்டியில் வைப்பதும் பிரேக் வேனில் அனுப்புவதும் உயிருக்கே கேடாகலாம்.

உணவிலும் இதே முறை. தயிர்ச்சோறும் சட்னியும் முதல் பகலுக்குள் முடிக்கப்பட வேண்டியவை. எண்ணெய் கலந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் சப்பாத்தியும் முதல் இரவைத் தாண்டும். நல்லெண்ணெய் மிகுதியாக விட்ட புளியோதரை வெயில் கடுமையாக இல்லாத காலத்தில் இரண்டாம் நாளையும் காக்கும். அதன்பின் அவல், பொரி, வறுத்த கடலை, பேரீச்சம்பழம், முறுக்கு முதலிய உலர்ந்தவையே நம்பத்தக்கவை. தாமதத்திற்கென ஒதுக்கப்படும் உணவு இவ்வகையில் இருப்பதோடு, உரிய நேரத்தில் ஓடும் வரை தொடப்படாமலும் இருக்க வேண்டும். நிலையத்தில் கொண்டுவந்து தரும்படி இணையவழியில் கேட்கப்படும் உணவு, வண்டி அந்நிலையத்தை நள்ளிரவில் அடையுமாறு பிந்திவிட்டால் கிடைக்காமல் போகலாம்.

தண்ணீரும் மின்சாரமும் பற்றி அறிய வேண்டியது சிறிதே எனினும் முக்கியமானது. கோச்சுகளின் தொட்டிகள் குறிப்பிட்ட சில நிலையங்களில்தான் நிரப்பப்படுகின்றன. அத்தகைய இரு நிலையங்களுக்கு இடையே வண்டி மணிக்கணக்கில் நின்றால் கழிவறையில் தண்ணீர் தீர்ந்துவிடும். நீர் நிரப்பும் நிலையத்தை வண்டி கடந்தவுடனே முகம் கழுவுவது முதலியவற்றை முடித்துக்கொள்வதும், ஒரு பாட்டிலைக் குடிக்காத பயன்பாட்டிற்கென நிரப்பி வைத்துக்கொள்வதும் அனுபவமுள்ள பயணிகளின் வழக்கம். கைபேசி மின்செருகிகள் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்தி வைக்கப்படும் வழக்கம் பல வண்டிகளில் இருப்பதால், மின்னேற்றம் பகலில் முடிக்கப்பட வேண்டும்.

ஏறுதலும் இறங்குதலும்

இக்காலத்து எல்.எச்.பி. வகைக் கோச் ஒன்று ஏறத்தாழ 23.5 மீட்டர் நீளமுடையது; 22 கோச்சுகள் கொண்ட வண்டி அரைக் கிலோமீட்டரைத் தாண்டி நீள்கிறது. இரண்டு நிமிடம் மட்டும் வண்டி நிற்கும் நிலையத்தில், சுமையோடு தவறான முனையில் நிற்பவர் தம் கோச்சை அடைவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். எனவே கோச் வரிசையை நடைமேடையின் மின்பலகையிலோ செயலியிலோ பார்த்து, உரிய இடத்திற்கு முன்கூட்டியே சென்றுவிட வேண்டும். இதில் விசாகப்பட்டினம் ஒரு தனிச்செய்தி. அந்நிலையத்தில் இஞ்சின் மறுமுனைக்கு மாற்றப்பட்டு வண்டி வந்த திசையிலேயே புறப்படுவதால், அதுவரை முன்னே இருந்த கோச் அதன்பின் பின்னே அமைகிறது. கோவையில் பார்த்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு வடக்கே உறவினரை நடைமேடையின் முற்பகுதியில் காத்திருக்கச் சொல்வது பயன்தராது.

இருவர் சேர்ந்து பயணம் செய்தால், ஒருவர் முதலில் ஏறிக் கதவருகே நின்று வாங்க, மற்றவர் கீழிருந்து கனமான பெட்டியை முதலிலும் இலேசானதை இறுதியிலும் கொடுப்பதே விரைவான முறை. கீழே கடைசியாக நிற்பவர் குடும்பத்தில் உடல்வலிமை மிக்கவராக இருக்க வேண்டும். முதியவரையோ குழந்தையையோ கடைசியில் விடுவது பெருந்தவறு. வண்டி நகரத் தொடங்கிவிட்டால், ஏறாத பெட்டி நடைமேடையிலேயே இருக்கட்டும். ஓடும் வண்டியில் பெட்டிக்காகப் பாய்வது உயிரிழப்பில் முடிந்திருக்கிறது. சாமான் ஏறவில்லை என்பதற்காக அபாயச் சங்கிலியை இழுப்பது தகுந்த காரணமாகக் கொள்ளப்படாது. அதற்கு ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. தரைமட்டத்தை ஒட்டித் தாழ்ந்த நடைமேடையுள்ள சிறு நிலையங்களில் கோச்சின் செங்குத்துப் படிகளில் பெட்டியை ஏற்றுவது கடினம். அங்கே ஏறும் திட்டமிருந்தால், அருகிலுள்ள சந்திப்பு நிலையத்திற்கு ஏறும் இடத்தை மாற்றிக்கொள்வது செலவானாலும் தகும்.

போர்ட்டர்களின் உதவியைப் பெறத் தயங்குவதோ அவர்களிடம் அளவுமீறிப் பேரம் பேசுவதோ முறையன்று. சிவப்புச் சட்டையும் கையில் எண் பொறித்த பித்தளை வில்லையும் உடைய உரிமம் பெற்ற இத்தொழிலாளர்களுக்கு ரயில்வே துறை 2016இல் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என்னும் பெயரைத் தந்தது. ஒரு நடையில் தலைச்சுமையாக 40 கிலோ என்பது கட்டண விகிதத்தின் அடிப்படை. கட்டணம் நிலையத்தின் தரத்தைப் பொறுத்து மாறுவதால் அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பேசி முடித்த பின்பே சுமையை ஒப்படைக்க வேண்டும். தாமதமான வண்டிக்காக அவர் காத்திருந்தால் அந்த நேரத்திற்கும் கூலி தருவது கடமை. அவருடைய அன்றாட வருவாய் நடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை

ஏறும் நிலையத்திற்கு வண்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமாக வருமென்றால், பயணம் செய்ய விரும்பாதவர் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். இணையவழிச் சீட்டுக்கு, டி.டி.ஆர். எனப்படும் திருப்பிக்கேட்பு விண்ணப்பத்தை வண்டி அந்நிலையத்திலிருந்து உண்மையில் புறப்படும் முன்பே பதிவு செய்ய வேண்டும். அச்சீட்டில் உள்ள எவரும் பயணம் செய்திருக்கக் கூடாது. புறப்பட்ட பின் ஒரு நிமிடம் கழிந்தாலும் இவ்வுரிமை இழக்கப்படுவதால், காத்திருக்கும்போதே முடிவெடுத்தல் வேண்டும்.

இணைப்பு ரயில் தவறுவதற்கும் தீர்வு உண்டு. 2019 ஏப்ரல் முதல், ஒரே பயணியின் இரண்டு தொடர்ச்சியான சீட்டுகளை இணைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது, பி.என்.ஆர். எனப்படும் முன்பதிவு எண்கள் இரண்டும் இவ்வாறு இணைக்கப்பட்டிருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது, பயன்படுத்தப்படாத சீட்டின் கட்டணம் ரத்துக் கழிவு இல்லாமல் திருப்பித் தரப்படுகிறது. இதற்குப் பயணிகளின் பெயர் விவரங்கள் இரண்டு சீட்டுகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதல் வண்டி இறங்கும் நிலையத்தை அடைந்த மூன்று மணி நேரத்திற்குள் விண்ணப்பம் பதிவாக வேண்டும். சுமையோடு நிற்கும் பயணி இந்த மூன்று மணி நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது, பெட்டிகளைப் பூட்டிப் பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்து ரசீது பெறுவது. பூட்டப்படாத பெட்டியை அங்கே ஏற்பதில்லை என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப்பூட்டு தேவை. கை காலியான பிறகே விண்ணப்பமும் அடுத்த சீட்டும் அமைதியாகக் கவனிக்கத்தக்கவை.

சேர்ந்த பின்

திப்ருகர் கிழக்குத் தீர்க்கரேகை 95 பாகையை ஒட்டி அமைந்திருக்க, இந்திய நேரமோ 82.5 பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இதனால் அங்கே ஜூனில் காலை நாலரை மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை நாலரைக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். தமிழ்நாட்டு மாலையை நினைத்துக்கொண்டு ‘ஐந்து மணிக்குள் போய்விடலாம்’ எனக் கணக்கிடுபவர், குளிர்காலத்தில் இருளிலும் பனியிலும் சுமையோடு இறங்க நேரிடும். எனவே குளிர்காலத்தில் தாமதமாகும் வண்டியில் செல்பவர், கம்பளி உடையைக் கைக்கெட்டும் பையிலேயே வைத்திருப்பதும், நிலையத்தின் தங்கும் அறையையோ விடுதியையோ வழியிலேயே பதிவு செய்துகொள்வதும் நலம்.

பொருள் காணாமற்போனால் யார் பொறுப்பு என்பதை ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு தெளிவாக வரையறுக்கிறது. பதிவு செய்து ரசீது பெற்ற லக்கேஜுக்கே ரயில்வே பொதுவாகப் பொறுப்பேற்கிறது. பயணி தம்முடன் வைத்திருந்த பொருளைப் பொறுத்தவரை, இழப்பு ரயில்வே ஊழியரின் கவனக்குறைவாலோ தவறான நடத்தையாலோ நேர்ந்தது என மெய்ப்பிக்கப்பட்டால்தான் பொறுப்பு எழுகிறது. கோச்சில் திருட்டு நேர்ந்தால் பயணத்தை முறித்துக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகரிடமோ கார்டிடமோ வண்டியில் வரும் காவலரிடமோ படிவம் பெற்று முறையீட்டை எழுதிக் கொடுத்தால் அது உரிய காவல் நிலையத்திற்கு அனுப்பப்படும். பதிவு செய்த சுமைக்கு மதிப்பை முன்பே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாவிடில், இழப்பீடு எடையை அடிப்படையாகக் கொண்ட சிறு தொகையோடு நின்றுவிடும். ஆகவே நகை, சான்றிதழ், மடிக்கணினி ஆகியவை பிரேக் வேனுக்குச் செல்லத்தக்கவை அல்ல.

வண்டி வழிமாறி வந்தாலோ இடையில் நிறுத்தப்பட்டாலோ, பிரேக் வேனில் உள்ள லக்கேஜ் பயணிக்கு முன்போ பின்போ வந்து சேரலாம். வந்த சுமையைக் குறித்த நேரத்திற்குள் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால், இறங்கியவுடனே லக்கேஜ் அலுவலகத்தில் ரசீதைக் காட்டி விசாரிப்பதும், வரவில்லையெனில் அதை எழுத்தில் பதிவு செய்வதும் அன்றைக்கே முடிய வேண்டிய வேலைகள். பின்னர் இழப்பீடு கோர நேர்ந்தால், சுமையை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் ரயில்வேக்கு எழுத்துவழி அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அதில் தீர்வு கிடைக்காதபோது ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தை அணுகலாம். லக்கேஜ் ரசீதின் படம் ஒன்றைப் புறப்படும் முன்பே எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைத்திருப்பது அப்போது பெரிதும் உதவும்.